கல்யாணப் பெட்டிக்கு இடம் தேடிய கொத்தனார்

வேலம்பட்டணத்து அரசர் உத்தமராயர் வியாபாரிகளுக்காகப் பெரிய பண்டகசாலை ஒன்று கட்டினார். இருநூறு கடைகளின் சரக்கு கொள்ளும். மேலே ஓடு கிடையாது; குதிரை ஓட்டலாம் போலத் தட்டையான கூரை. கட்டியவர் அரண்மனைக் கொத்தனார் பூவலிங்கம்.

மறுநாள் பட்டும் மிளகும் சர்க்கரையும் வந்து இறங்க வேண்டும். அடைமழைக்கு இன்னும் பத்தே நாள். அரசர் பெருமையோடு சுற்றிப் பார்க்க, கூடவே வந்த மந்திரி அம்பலத்தாடி மட்டும் அண்ணாந்தபடியே நடந்தார்.

"என்ன, கழுத்துப் பிடிப்பா?" என்றார் அரசர்.

"இல்லை மகாராஜா. கூரை ஒழுகப் போகிறது."

பூவலிங்கம் துள்ளினார். "ஒரு சொட்டு விழுந்ததை யாராவது பார்த்தார்களா?"

"சொட்டு கடைசியில்தான் வரும். காலையில் மேலே ஏறிப் பார்த்தேன். முந்தாநாள் பெய்த தூறல் மாடி நடுவில் இன்னும் குளமாக நிற்கிறது, காக்கை குளிக்கிறது. கைப்பிடிச் சுவர் ஓரம் அரசங்கன்று முளைத்திருக்கிறது. இதோ, உட்கூரையில் பழுப்பு வட்டம். அதோ, சுண்ணாம்பு உப்பியிருக்கிறது." அம்பலத்தாடி ஒரு கழியால் தட்டினார். 'தொம்' என்றது.

"புதுச் சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும்!" என்றார் பூவலிங்கம்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமா? பொழுது சாய்வதற்குள் இந்த மண்டபத்தில் ஒரு சொட்டு காட்டு. இல்லையென்றால் மந்திரி பதவியை விட்டுவிடு!"

வெளியே வெயில் கொளுத்தியது. அம்பலத்தாடி வாசல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

"சரி மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். ஐப்பசியில் பூவலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். கட்டியவருக்கு மரியாதையாக, அந்தப் பட்டுப்புடவைப் பெட்டியே முதல் சரக்காக இங்கே வரட்டும். கல்யாணம் வரை தங்கள் முத்திரையோடு இருக்கட்டும்."

"பிரமாதம்!" என்றார் அரசர்.

பெட்டி வந்தது. சுமந்து வந்தவர்கள் பழுப்பு வட்டத்துக்கு நேர் கீழே இறக்கப் போனார்கள்.

"ஐயோ, அங்கே வேண்டாம்!" என்றார் பூவலிங்கம்.

உப்பிய சுண்ணாம்புக்கு அடியில் கொண்டுபோனார்கள்.

"அங்கேயுமா? தள்ளி, தள்ளி!"

"நடுவில் வைக்கட்டுமா?" என்று கேட்டார் அம்பலத்தாடி.

"நடுவிலா! மேலே தண்ணீர் நிற்..." பூவலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பெட்டி என் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே, மகாராஜா..."

அவர் நெற்றியில் வியர்வை பொங்கியது. மூக்கு நுனிக்கு இறங்கி, பெட்டி மூடியின்மேல் 'டப்' என்று விழுந்தது.

"மகாராஜா, தாங்கள் கேட்ட சொட்டு!" என்றார் அம்பலத்தாடி.

பூவலிங்கம் அரசர் காலில் விழுந்தார். திறப்பு விழாவுக்கு அவசரப்பட்டு, முதல் பூச்சு காயுமுன் அடுத்த பூச்சு போட்டதையும், தண்ணீர் வழிந்தோடக் கூரைக்கு வாட்டம் சரியாக விடாததையும் ஒப்புக்கொண்டார்.

"பிடித்துச் சிறையில் தள்ளுங்கள் இவனை!" என்று கர்ஜித்தார் அரசர். "அம்பலத்தாடி, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்."

"இவரைத்தான் கேட்கிறேன் மகாராஜா. பத்து நாளுக்குள் கூரையைச் சரிசெய்ய வேண்டும். எங்கெங்கே ஒழுகும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர் இந்த ராஜ்யத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?"

அரசர் சிரித்த சிரிப்பில், உப்பியிருந்த சுண்ணாம்பு பொத்தென்று உதிர்ந்தது.