நெருப்பில்லாமல் கொதித்த கஞ்சி

வெகு காலத்துக்கு முன்னால் கருங்குன்றை நாட்டைச் சொக்கலிங்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் சொன்ன ஒன்றை ஏன் சொன்னோம் என்பது அவருக்கே மத்தியானம்தான் தெரியும்.

அவருடைய அமைச்சர் அரங்கநாயகி. அமைச்சராயிருந்த அப்பா இறந்ததும், அவருடைய முத்திரை மோதிரத்தை ராஜாவே அவள் விரலில் போட்டார். மோதிரத்தைப் போட்டாரே தவிர, இலையைப் போடவில்லை. அந்த நாட்டில் சபை கலைந்ததும் ராஜாவும் சபையாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். பாதி ராஜாங்கம் அங்கேதான் நடக்கும். பெண் பந்தியில் பரிமாறலாம், உட்காரக் கூடாது என்று படைத்தலைவரான தளவாய் பைரவமூர்த்தி சாஸ்திரம் சொன்னார். எந்தச் சாஸ்திரம் என்று அவள் கேட்டாள். பதிலுக்கு அவளுடைய சாப்பாடு பின்கட்டு அறைக்கு வந்தது. மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தது.

அந்த அறையில் பேச ஆளில்லை. ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு வெளியே, சுவர்ப்பூச்சுக்குச் சுண்ணாம்பு நீற்றும் குழி. சூளையில் சுட்ட கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு ஆட்கள் தள்ளி நிற்பார்கள். கல் வெடித்துப் பொரியும். அடியில் ஒரு சுள்ளிகூட எரியாமல் குழி குமுறிக் கொதிக்கும். பந்தியின் சிரிப்புச் சத்தம் சுவர் தாண்டி வரும்போதெல்லாம் அவள் அந்தக் குழியைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள். வேறு எதைப் பார்ப்பது?

ஒருநாள் ராஜா கனவு கண்டார். புகை வந்து கிரீடத்தைத் தூக்கிப் போனதாம். எழுந்ததும் சத்தியம் செய்துவிட்டார்: பௌர்ணமி வரை கோட்டைக்குள் நெருப்பு கூடாது, நெருப்பில் வெந்த சோறும் கூடாது. வெளியிலோ விடாத அடைமழை. அவலும் பழமும் தின்று தின்று ராஜாவுக்கே நாக்கு செத்துப்போயிற்று. ஒரு வாய் சூடான கஞ்சி கிடைக்காதா என்று சபையில் புலம்பினார்.

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். "அமைச்சரம்மாதான் பெரிய புத்திசாலியாயிற்றே, மகாராஜா. நெருப்பில்லாமல் காய்ச்சித் தரட்டும். முடியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. அரங்கநாயகிக்கு வீடு நினைவுக்கு வந்தது. அங்கேயும் அவளுக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை.

"காய்ச்சித் தந்தால்?" என்றாள்.

"என்ன வேண்டும், கேள்."

"பந்தியில் என் இலை."

சபையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ராஜா யோசிக்காமல் தலையாட்டினார். யோசிப்பது அவர் வழக்கமில்லை.

மறுநாள் மழை படாத முற்றத்துத் தாழ்வாரத்துக்கு ஒரு கல்தொட்டி வந்தது. ஊறவைத்த நொய்யும் தண்ணீருமாக ஒரு சின்னச் செப்புப்பானையை அதன் நடுவில் வைத்தாள். சத்தியத்துக்கு முன்பே சூளையிலிருந்து வந்து ஈரம் படாமல் மூடிவைத்திருந்த கல்லில் ஒன்றைக் காய்ந்த துணியில் சுற்றி ராஜாவிடம் தந்தாள். ஜில்லென்றிருக்கிறது என்று அவரே சபைக்குச் சொன்னார். பிறகு பானையைச் சுற்றிக் கல்லை அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, சாக்கைப் போட்டு மூடினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தளவாய் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அரங்கநாயகி தனியே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்க யாரும் வரவில்லை.

அப்புறம் தொட்டிக்குள் படபடவென்று சத்தம். ஆவி சாக்கைத் தூக்கியது. பானையின் மூடி ஆடத் தொடங்கியது. கஞ்சி வெந்ததும் ராஜா அவசரப்பட்டுக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, சுட்டுக்கொண்ட சந்தோஷத்தில் இன்னொரு வாய் குடித்தார்.

தளவாய் விடவில்லை. கல் சூளையில் வெந்தது, சூளையில் இருப்பது நெருப்பு, ஆகவே சத்தியம் கெட்டது என்று வாதாடினார்.

"வெந்தது கல்தானே, கஞ்சி இல்லையே" என்றாள் அவள். "சூளையில் கல் வெப்பத்தைத் தின்றது. தின்றது சூடாக அதில் தங்கவில்லை. மகாராஜாவே தொட்டுப் பார்த்தார். தண்ணீரோடு சேர்ந்து கல் வேறு பொருளாக மாறுகிறபோதுதான் அது வெளியே வருகிறது. நெல்லும்தான் வெயிலைத் தின்று விளைகிறது. சோற்றையே விலக்கிவிடலாமா, தளவாயாரே?"

சோறு என்றதும் ராஜா பதறிப்போனார்.

"சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்ற யாருக்குத் தெரியாது? நானும் செய்வேன்" என்று கிளம்பினார் தளவாய். குழிக்கரைக் கொட்டகையில் பூச்சுக்காக நீற்றிச் சலித்து வைத்திருந்த குவியல்தான் அவர் கண்ணில் பட்டது. வெள்ளையாக இருப்பதே வீரியமானது என்று எண்ணி, மாவு போன்ற அந்தத் தூளைக் கூடை கூடையாக அள்ளிவந்தார். தண்ணீர் ஊற்றினார். கிளறினார். சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தார். தொட்டி குளிர்ந்தே கிடந்தது.

"அது முன்பே தண்ணீர் குடித்துவிட்டது. கொடுக்க வேண்டியதைக் குழியிலேயே கொடுத்தாயிற்று. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி சூளைக்குப் போகவேண்டும்" என்றாள் அரங்கநாயகி.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கு முத்துமாலை தந்தார், அதோடு இலையும். இனி தினமும் அவளுக்கு அடுத்த இலையில் தளவாய் உட்கார வேண்டும். அதுதான் அவருக்குத் தண்டனை.

மறுநாள் அவள் பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பின்கட்டு அறையில் சுவருக்கு அந்தப் பக்கமாவது குரல்கள் கேட்டன. இங்கே அதுவும் இல்லை. பரிமாறியதைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முத்துமாலை கழுத்தில் கனத்தது.

தளவாய் அவள் பக்கம் திரும்பாமலே, யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்தார்: "வடக்கு ஏரியின் கரையை உயர்த்துவதாகப் போன வாரமே இந்தப் பந்தியில் முடிவாகிவிட்டது."

"உயர்த்தினால் தண்ணீர் பின்னால் ஏறி மேட்டுத்தெருவை மூழ்கடிக்கும்."

"எப்படி மூழ்கடிக்கும்?" தளவாய் இப்போது திரும்பினார். "நான் நேரில் பார்த்த ஏரி, அம்மா. எனக்கே சொல்கிறீர்களா?"

அவள் குழம்பைத் தொட்டு இலையில் கரையை வரைந்தாள். அவர் தன் விரலால் அதை அழித்து வேறு மாதிரி வரைந்தார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டி, மேட்டுத்தெரு அந்தப் பக்கமே இல்லை என்றார். ராஜாவும் நடுவில் புகுந்து இருவரையும் குழப்பினார். மூன்று வருஷத்தில் ஒருவர்கூட அவளோடு இப்படிச் சண்டை போட்டதில்லை. ரசம் கொண்டுவந்தவர் கரண்டியோடு காத்து நின்றார். சோறு ஆறிப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை.