முதல் நீர்

ஒரு காட்டில் மழை இல்லாத இரண்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. ஆடிச் சாரல் இலைகளை மட்டும் நனைத்துவிட்டுப் போயிற்று. ஐப்பசியில் மேகம் வந்தது, சற்று நின்றது, வேறு யாருக்கோ சொந்தமானதைப்போலக் கடந்துபோனது. அந்தக் காட்டில் இருந்தது ஒரே குளம்.

குளத்தின் மேற்கே, மருதமர நிழலில், ஒரு தட்டைப் பாறை ஆழமான நீரின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நின்றால் காலில் சேறு படாமல் குடிக்கலாம். மற்றப் பக்கமெல்லாம் சேற்றுக்கரை. பாறைக்கும் சேற்றுக்கரைக்கும் நடுவே கோரை ஆள் உயரம் வளர்ந்து நின்றது. பாறையில் நின்று பார்த்தால் கரை தெரியாது.

அந்தப் பாறை காட்டெருதுக் குலத்துக்கு உரியது. விடியலில் முதலில் வந்து குடிப்பதும் அவைதான். குடித்து முடித்ததும் குலத்தின் தலைவன், "முதல் நீர் ஆயிற்று, வாருங்கள்" என்று குரல் கொடுக்கும். பிறகு கடமான்கள் சேற்றில் இறங்கும். அவற்றுக்குப் பின் புள்ளிமான்கள், அதற்கும் பின் மந்திகள். எல்லாரும் கலக்கிவிட்டுப் போன பிறகு பன்றிகள் வரும்.

காட்டெருதுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும், குழந்தைகளே. மற்ற விலங்குகள் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் தலை குனிந்தன. சேற்றில் இறங்காத கால் வெள்ளையாக இருப்பதில் வியப்பென்ன என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த மாசியில் காட்டின் தலைவனாக இருந்த கிழக் காட்டெருது இறந்துபோயிற்று. அதன் தம்பி மகன் பெயர் வெண்காலன். வழக்கப்படி தலைமை அதற்குத்தான். ஆனால் மழை பொய்த்த காலம் என்பதால் இந்தத் தடவை எல்லாரும் கூடித் தேர்ந்தெடுக்கலாம் என்று கடமான்கள் சொல்லின. தலைவனுக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. கரட்டுக் குன்றுக்கு அப்பால், இரண்டு நாள் நடையில், ஓர் ஆறு இருந்தது. காட்டை விட்டு அங்கே போவதா, இருப்பதா என்று தலைவன்தான் சொல்ல வேண்டும். தலைவன் சொல்லாமல் போனவர்கள் திரும்பி வந்து குளத்தில் வாய் வைக்க முடியாது. அது பழைய சட்டம்.

வேங்கை மரத்தடியில் கூடினார்கள். ஒரு பக்கம் வெண்காலன் நின்றது. மறுபக்கம் போட்டியாக ஒரு பெண் பன்றி நின்றது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு. நிற்கும்போதே எதையோ மென்றுகொண்டிருந்தது.

வழக்கு நடத்துகிறவர்போல ஒரு கிழட்டு மந்தி கிளையில் உட்கார்ந்து, குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று இருவரையும் கேட்டது.

"இன்று காலையில் என் முகம் முழுவதும் அதில் தெரிந்தது, கொம்பு நுனிவரை. கவலைப்பட ஒன்றுமில்லை," என்றது வெண்காலன்.

"போன மாதம் நடுக்குளத்தில் நின்றால் நீர் என் வயிற்றைத் தொட்டது. இப்போது தொடவில்லை," என்றது பன்றி. "காலில் தெம்பு இருக்கும்போதே ஆற்றுக்குப் போய்விட வேண்டும்."

"பன்றியக்கா, மெலிந்தது குளமா, உன் வயிறா?" என்று கேட்டது மந்தி.

காடே சிரித்தது. பன்றி தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டது. இரண்டும்தான் என்று அது சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கூட்டத்தில் ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு நின்றிருந்தது. குட்டி பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மானுக்கு ஆறும் குளமும் பெரிதில்லை, இந்தக் குட்டி கோடையைத் தாண்டினால் போதும். பன்றி சொன்னது அதன் மனத்தில் கொஞ்சம் தைத்தது. ஆனால் வெண்காலன் அதன் அருகே வந்து, செந்நாய்களுக்கு இரையாகிப்போன அதன் தாயின் பெயரைச் சொல்லித் துக்கம் விசாரித்தது. அந்தப் பெயரை அவ்வளவு அழகாக உச்சரித்தவர் வேறு யாரும் இல்லை. பன்றியோ ஒருநாளும் நின்று நலம் கேட்டதில்லை. மான் குட்டியை முட்டி நகர்த்திக்கொண்டு போய் வெண்காலனுக்குப் பின்னால் நின்றது. பெரும்பாலோர் அங்கேதான் நின்றார்கள்.

தலைவனானதும் வெண்காலன் முதலில் பாறையைப் பற்றிப் பேசிற்று. போன கோடையில் அதன் பெரியப்பா மனம் இளகி, கிழடுகளையும் கர்ப்பிணிகளையும் பாறையில் ஏறிக் குடிக்க விட்டிருந்தது. இனி அது கிடையாது, முன்னோர் வகுத்த வரிசை மீண்டும் வரும், பாறையில் காட்டெருதுக் குலம் தவிர யாரும் ஏறுவதில்லை என்று எல்லாரும் வாக்குக் கொடுக்க வேண்டும் என்றது. எல்லாரும் கொடுத்தார்கள். வரிசை திரும்பியதும் காட்டுக்கே ஒரு களை வந்ததுபோல இருந்தது. புள்ளிமானும் பெருமையாகத்தான் உணர்ந்தது.

பங்குனி பிறந்தது. குளத்தின் நீர் உள்வாங்கிப் பாறையடியில் ஒதுங்கிக்கொண்டது. சேற்றுக்கரை அகலமாயிற்று. நீரைத் தொட மான்கள் வயிறுவரை சேற்றில் நடந்து, கோரையை விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடமான்கள் கலக்கிவிட்டுப் போன பிறகு கிடைப்பது நீருமில்லை, சேறுமில்லை. குடித்த குட்டிகளுக்கு வயிறு ஊதிற்று.

ஒருநாள் பன்றி புள்ளிமானிடம் வந்தது.

"நாங்கள் ஏழு பேர் போகிறோம், தங்கச்சி. சட்டம் தெரியும். திரும்பி வர ஒரு குளம் இருந்தால்தானே சட்டத்துக்குப் பயப்பட வேண்டும்? நீயும் வா. குட்டி நடக்காவிட்டால் நின்று நின்று போவோம்."

மான் கரட்டைப் பார்த்தது. வெயிலில் அது அசைவதுபோலத் தெரிந்தது. தலைவர் தினமும் குளத்தைப் பார்க்கிறார், நீர் இருக்கிறது என்கிறார், அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்றது.

"பொய் சொல்லவில்லைதான்," என்றது பன்றி. "அவர் நிற்கிற இடம் அப்படி."

அன்று மாலையே ஏழு பன்றிகளும் போய்விட்டன. சேற்றிலேயே பிறந்ததுகள், வேறெங்காவது சேறு தேடிப் போகட்டும் என்றது மந்தி. அதைக் கேட்டு முன்போல யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க உதடு நனைந்திருக்க வேண்டும்.

சித்திரையில் குட்டி எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டது. தாய் நக்கி நக்கி எழுப்பினால் நான்கு அடி நடக்கும். ஒருநாள் விடிவதற்கு முன்பே மான் அதை நடத்திக்கொண்டு மருதமரத்தடிக்கு வந்து காத்திருந்தது. வெண்காலன் வந்ததும் வழியில் நின்று, என் குட்டி ஒரே ஒரு முறை பாறையில் நின்று குடிக்கட்டும் என்று கேட்டது.

வெண்காலன் குட்டியைப் பார்த்தது. அதன் கண்கள் உண்மையாகவே கலங்கின.

"இந்தப் பாறை என்னுடையதாக இருந்தால் இப்போதே விட்டுவிடுவேன், அம்மா. இது என் முன்னோருடையது. நான் காவல்காரன்தான்."

"முன்னோர்களுக்குத் தாகம் எடுப்பதில்லையே, ஐயா."

வெண்காலன் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் கோபம் வருவதே அபூர்வம்.

"போன கோடையில், வயிற்றில் குட்டியோடு நான் இந்தப் பாறையில் நின்றுதான் குடித்தேன்," என்றது மான்.

"தெரியும். பெரியப்பா செய்த அந்தத் தவற்றால்தான் இந்த ஆண்டும் மழை வரவில்லை என்று எங்கள் குலத்தில் சொல்கிறார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன்."

இத்தனை நாளும் காய்ந்த புல்லும், ஊதிய வயிறுகளும், செத்துக் கிடந்த முயல்களும் தன்னால் வந்தவையோ என்று மானுக்குத் தோன்றிற்று. அது வழிவிட்டு ஒதுங்கியது.

"உனக்காக இன்று சீக்கிரமே குரல் கொடுக்கிறேன்," என்றது வெண்காலன்.

சொன்னபடியே செய்தது. வேகமாகக் குடித்தது, குரல் கொடுத்தது, நிழலான மேட்டுப்பாதையில் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போயிற்று. குடித்த நீரைத் திரும்பிப் பார்ப்பது அந்தக் குலத்துக்கு இழுக்கு.

மான் குட்டியோடு சுற்றிக்கொண்டு சேற்றுக்கரைக்கு வந்தது. எஞ்சியிருந்த மூன்று கடமான்கள் முன்னே போயின. மான் பின்னே இறங்கியது. குட்டியின் கால்கள் குச்சிகள்போல மெலிந்திருந்தன. கோரையை எட்டும் முன்பே அவை சேற்றுக்குள் இறங்கிவிட்டன. அது கத்தவில்லை. தாயைப் பார்த்தது, அவ்வளவுதான். மான் அதன் கழுத்துக்கடியில் தன் முகத்தைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறிற்று. கடமான்கள் தலையைத் திருப்பிக்கொண்டு கரையேறிப் போயின. உச்சிவேளைக்கு முன்னால் குட்டியின் தலை கனத்துப்போயிற்று.

பத்தடி தூரத்தில் பாறை இருந்தது. யாரும் காவல் நிற்கவில்லை. விடியலில் சற்று நேரம் போக, நாள் முழுவதும் அது காலியாகத்தான் கிடந்தது. அதனடியில் நீர் இருந்தது. வாக்குக் கொடுத்த கால்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அந்த மான் குளத்துக்கு வரவில்லை. கரட்டுப் பக்கமாக அது நடந்துபோனதாக ஒரு காட்டுக்கோழி சொன்னது. ஆற்றை அடைந்ததா என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. கடமான்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மந்திகளில் கிழட்டு மந்தி ஒன்றுதான் மிஞ்சியது. வழக்கு நடத்திய அதே மந்திதான். அதுவும் ஒரு காலையில் கிளையிலிருந்து இறங்கவில்லை.

வைகாசியின் முதல் விடியலில் வெண்காலன் பாறைக்கு வந்தது. கால்கள் வெள்ளையாக இருந்தன. குளம் அதுவரை கண்டிராத அளவுக்குத் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. வெண்காலன் குனிந்து தன் முகத்தைப் பார்த்தது, கொம்பு நுனிவரை. கோரைக்கு அப்பால் கழுகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை.

நிதானமாகக் குடித்தது. தலையை நிமிர்த்தி, முன்னோர்கள் கொடுத்த அதே குரலில் அழைத்தது.

"முதல் நீர் ஆயிற்று, வாருங்கள்."

யாரும் வரவில்லை. மூன்று முறை அழைக்க வேண்டும் என்பது வழக்கம். மூன்று முறையும் அழைத்தது.

நல்ல ஆட்சியில் யாருக்கும் தாகம் இருப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே வெண்காலன் நிழல்பாதையில் ஏறிற்று.

நீதி: முதலில் குடிப்பவருக்குக் குளம் கடைசிவரை தெளிவாகவே இருக்கும், அது வற்றுவதை அறிந்தவர் கடைசியில் குடிப்பவரே, அவரைக் கேட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுங்கள்.