பானெட்டுக்குக் காவல்

கருப்பட்டி மண்டி வன்னியபெருமாள் தன் நிழலையும் நம்பாதவர். டிரைவர் ஜெபராணி டயரை மாற்றி விற்றுவிடுவாள் என்று டயர் நம்பரைக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அன்று காலை வண்டி கிளம்பும் முன் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். இன்ஜின் ஆயில் மேல்கோட்டில் இருந்தது. ஜெபராணி தூத்துக்குடி போய்வந்து மண்டி வாசலில் வண்டியை அணைத்ததும் அவர் மறுபடி உருவினார். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது.

“எவனுக்கு வித்த? போலீஸைக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க முதலாளி. அதுக்குள்ள நான் எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். எடுத்தவன் திருப்பி வச்சிருவான். நீங்களே காவல் நில்லுங்க.”

அவர் பானெட்டை மூடி, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டார். சுட்டாலும் எடுக்கவில்லை. லோடு ஆட்களைக்கூட அண்டவிடவில்லை.

ஜெபராணி திரும்பி வந்ததும் அவரே கம்பியை உருவினார். ஆயில் மேல்கோட்டில் இருந்தது.

“யாரு ஊத்தினது?”

“பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான். போலீஸ் வந்தா உங்களைத்தான் கேக்கும்.”

லோடு ஆட்கள் சிரித்தார்கள். ஜெபராணியே விளக்கினாள்.

“இன்ஜின் ஓடுறப்ப ஆயில் இன்ஜினோட மேல்பாகத்துல ஏறி நிக்கும் முதலாளி. அணைச்சுப் பத்து நிமிஷம் ஆனாத்தான் கீழ தொட்டிக்கு இறங்கி, கம்பியில முழு அளவு காட்டும்.”

அவர் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டார். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நம்புற ஆளா நீங்க?”