கல்லீரல் சாப்பிட்டுவிட்டது

மருந்து இந்தத் தடவையும் கல்லீரலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆராய்ச்சி மாணவி டெய்சி ராணி சோதனை முடிவுகளைப் பேராசிரியர் மெகருன்னிசாவின் மேசைமேல் பொத்தென்று போட்டாள். தசையைத் தளரவிடாமல் இறுக்கிவைக்கும் ஒரு கெட்ட மரபணு உண்டு. அதன் வாயை அடைக்கத்தான் அந்த மருந்து. எலியின் தசைக்குப் போகட்டும் என்று ஊசி போட்டால், நடுவில் கல்லீரல் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொள்கிறது.

"மேடம், இதைத் தசைக்குள்ள எப்படித்தான் அனுப்புறது?"

"நீ என்ன செஞ்சே?"

"டோஸை ரெண்டு மடங்காக்கினேன்."

"சரி."

"கல்லீரல் ரெண்டு மடங்கு சாப்பிட்டுடுச்சு."

மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சிரித்தால் டெய்சி அழுதுவிடுவாள். அவளுக்கு இது வெறும் எலி விவகாரம் இல்லை. செத்துப்போன அம்மாவிடமிருந்து தம்பி ஜெரால்டுக்கு வந்த நோய் இதுதான். ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவன் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அவனோ பெரிய துரை மாதிரி மொட்டைமாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான்.

"தம்பிகிட்ட சொன்னியா?"

"வாரா வாரம் கூரியர் அனுப்பறேன் மேடம். புரோட்டீன் பவுடர், கைப்பயிற்சிக்கு ரப்பர் பந்து, நோயைப் பத்தின புத்தகம். பதிலே இல்ல. போன வாரம் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா அனுப்பினேன்."

"கிளம்பு," என்றார் மெகருன்னிசா. "உங்க வீட்டுக்குப் போகலாம்."

ராயபுரம் வீட்டு வாசலில் டெய்சியின் அப்பா சவரிமுத்து பனியனோடு உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் மனிதருக்குத் தோள் பயில்வான் மாதிரி திரண்டிருந்தது.

"வாம்மா டெய்சி! அந்தப் பவுடரு சோக்கா கீது. இன்னும் ரெண்டு டப்பா அனுப்பு."

"அப்பா, அது ஜெரால்டுக்கு!"

"அவன் எங்க வாங்கிக்கிறான்? கதவாண்ட வச்சா வச்ச எடத்துலயே கீது. வீணாப் பூடுமேன்னு நான் துன்னேன். புக்கையும் நான்தான் படிச்சேன். இப்ப தெருவுல எவனுக்குக் கை வலிச்சாலும் என்னாண்டதான் வர்றான்."

டெய்சிக்குக் கோபம் தலைக்கேறியது. மெகருன்னிசா பணிவாக வணக்கம் சொன்னார்.

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம் ஐயா. எங்க ஆய்வகத்துல தினமும் உங்களைத்தான் பார்க்கிறோம்."

கல்லீரலைச் சொல்கிறார் என்று தெரியாத சவரிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

டெய்சி மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினாள். "ஜெரால்டு! வெள்ளிக்கிழமைதான்டா கடைசி நாள்!"

உள்ளே ரேடியோ பாட ஆரம்பித்தது. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். ரேடியோவும் இன்னும் உரக்கப் பாடியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

மெகருன்னிசா சவரிமுத்துவிடம் கேட்டார். "இந்தக் கதவு யாருக்காவது திறக்குமா?"

"புறாவுக்குக் கம்பு எட்துனு வர்ற ஆளுக்கு மட்டும் தொறப்பான்."

தெருமுனைக் கடையில் கம்பு ஒரு மூட்டை வாங்கியானது. படியேறும்போது டெய்சிக்கு உறுத்தியது.

"இது ஏமாத்து வேலை இல்லையா மேடம்?"

"மூட்டையில மண் இருந்தா ஏமாத்து."

நாலு படி ஏறியதும் டெய்சி அப்படியே நின்றுவிட்டாள். "மேடம்! தசைக்கு இரும்புச்சத்து வேணும். அதுக்குன்னு தசை ஒரு வாசலைத் திறக்குது. அந்த வாசலுக்குப் போற ஒண்ணோட நம்ம மருந்தைக் கட்டி விட்டா..."

"முதல்ல மூட்டையைச் சரியாப் பிடி. கொட்டுது."

கம்பு என்றதும் கதவு திறந்தது. பந்தயத்துக்கு வளர்க்கும் கர்ணப் புறாக்களுக்கு நடுவில் ஜெரால்டு நின்றான். அக்காவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, ஆனால் மூட்டையைப் பார்த்து வழிவிட்டான்.

"வெள்ளிக்கிழமை..." என்று டெய்சி தொடங்கினாள். மெகருன்னிசா அவள் காலை நன்றாக மிதித்தார்.

மூவரும் கம்பு இறைத்தார்கள். டெய்சியின் தலையில் ஒரு புறா உட்கார்ந்தது. அவள் அசையாமல் இருப்பதைப் பார்த்து ஜெரால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யாரும் எதுவும் கேட்காதபோது அவனே சொன்னான். "போன பந்தயத்துல நடுவர் விசில் அடிச்சாரு. எல்லார் புறாவும் மேல பூடுச்சு. என் கை மட்டும் தொறக்கல. அவரு டீயே குடிச்சு முடிச்சாரு. புறா கழுத்தைத் திருப்பி என்னையே பாத்துச்சுக்கா. எல்லாரும் சிரிச்சாங்க."

டெய்சி சிரிக்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரி மருந்து கேக்குமாக்கா?"

அவள் அனுப்பிய புத்தகத்தில் இதற்குப் பெரிய பெரிய பதில்கள் இருந்தன. டெய்சி தலையிலிருந்த புறாவை மெல்ல இறக்கிவிட்டாள்.

"தெரியலடா. சத்தியமாத் தெரியல."

ஜெரால்டு மீதிக் கம்பைப் புறாக்கள் பக்கம் தள்ளினான். "சரி, வர்றேன்."

"கையில அடி," என்று டெய்சி உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் அடித்தான். அடித்த வேகத்தில் மறந்துபோய்ப் பிடித்தும்விட்டான். பிடித்த கை விடவில்லை.

"சாரிக்கா. கொஞ்சம் நேரம் ஆவும்."

அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவன் அவள் கையைப் பிடித்ததே இல்லை. அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஆராய்ச்சிதான். அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மெகருன்னிசாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், தசைக்குள்ள போயிட்டாலும் முக்கால்வாசி மருந்து செல்லுல இருக்கிற ஒரு சின்னப் பைக்குள்ள மாட்டிக்கிட்டு வெளியவே வராதே. அதுக்கு என்ன பண்றது?"

மெகருன்னிசா திரும்பி, கோத்துக்கிடந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"உள்ள மாட்டியிருக்கிறது நீ. எப்படி வெளிய வர்றதுன்னு இருந்து பார்த்துட்டு, நாளைக்கு எனக்குச் சொல்லு."