வீட்டுக்குப் போகாத பிள்ளைகள்

நீதானேடா! ஊர் ஊராய்ப் போய்ப் பள்ளிக்கூடங்களைச் சோதித்தவன், சூட்டிகையான பிள்ளைகளாய்ப் பொறுக்கி எடுத்தவன் நீதானே! பேர் சொல்லி உன்னைப் பெரிய மனுசனாக்க மாட்டேன். உட்கார்ந்து கதையைக் கேள்.

முன்னொரு நாளில் நெடுவயல் நாட்டை அதிரவீரன் என்ற ராசா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்கு மந்திரி ஆவுடையாள். மாட்டுச் சந்தையில் தரகு பேசி, உதைபட்டு முட்டுப்பட்டு மேலே வந்தவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவள் மந்திரியானது சபையிலிருந்த மார்த்தாண்டராயருக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

ராயர் சில ஊர்களில் புதுமாதிரிப் பள்ளிகள் நடத்தி வந்தார். ஒருநாள் சபையில் எழுந்து, "சோதித்துப் பார்த்தாயிற்று மகாராசா. பிள்ளைகள் அத்தனையும் தங்கம்! பழைய பள்ளிகளை இடித்துவிட்டு நாடு முழுக்க இதையே வைத்துவிடலாம். முத்திரை ஒன்றுதான் பாக்கி" என்றார்.

"சோதிச்சது யாரு? உங்க ஆளுதானே?" என்றாள் ஆவுடையாள். "மாட்டை விக்கிறவனே பல்லைப் பிடிச்சுப் பார்த்து வயசு சொன்னா சந்தையே சிரிக்கும், ராயரே!"

"தரகிக்குக் கன்றும் ஒன்று, பிள்ளையும் ஒன்று!" என்றார் ராயர்.

சபை கொல்லென்று சிரித்தது. ஆவுடையாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "மகாராசா, நீங்களே வந்து பாருங்க. என் சந்தேகம் தப்புன்னா இந்த மந்திரி மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டுச் சந்தைக்கே போறேன். ஆனா பார்க்காம பள்ளிகளை இடிக்காதீங்க."

புறப்பட்டார்கள். முதல் ஊரில் பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் சொன்னார்கள். ராசா பூரித்துப் போனான். வழியில் ராயர் நீளமாய் ஒரு விருந்து வைத்தார். அடுத்த ஊரிலும் அதே பாடம், அதே குரல். மறுபடி விருந்து. மூன்றாவது ஊருக்குள் நுழையும்போது உச்சிப்பொழுது. அடுப்புப் புகை இல்லை, நாய் குரைக்கவில்லை, யாருக்கோ பயந்ததுபோல் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. பள்ளிக்குள்ளிருந்து மட்டும் அந்தக் குரல்.

முன்வரிசையில் புருவத்தில் தழும்போடு ஒரு சிறுமி.

"ஆவுடை, இந்தப் பிள்ளையை முந்தின ஊர்களிலும் பார்த்தேனே! பேயா?" என்றான் ராசா.

"எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டார்கள் மகாராசா. நம் பள்ளியின் மகிமை!" என்றார் ராயர்.

திருட்டு மாடோ என்று சந்தேகம் வந்தால் சந்தையில் ஆவுடையாள் செய்வது ஒன்றுதான்: கயிற்றை அவிழ்த்துவிடுவாள். மாடு தன் தொழுவத்தைத் தேடிப் போய்விடும்.

"பள்ளிக்கூடம் விட்டாச்சு புள்ளைகளா! வீட்டுக்கு ஓடுங்க!"

யாரும் ஓடவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு தாயும் கூப்பிடவில்லை. பிறகு பிள்ளைகள் வரிசையாய் எழுந்து, சத்தமில்லாமல் புளியந்தோப்புக்கு நடந்தார்கள். அங்கே ராயரின் கூண்டு வண்டிகள் நின்றன. ஒவ்வொருவராய் ஏறிக்கொண்டு, தாங்களே திரையை இழுத்து மூடினார்கள்.

"நாம விருந்து சாப்பிடுற நேரத்துல இதே புள்ளைகளை அடுத்த ஊருக்கு ஏத்திட்டு வந்திருக்காங்க மகாராசா" என்றாள் ஆவுடையாள். "அப்போ இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே?" என்றான் ராசா.

ஊர்க் களஞ்சியத்திலிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் வந்தது. பூட்டை உடைத்தார்கள். இருட்டுக்குள் பிள்ளைகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள், எல்லாரும் வாயைப் பொத்தியபடி.

"இங்கே என்ன படித்தீர்கள்?" என்றான் ராசா.

"ராசா வந்தா மூச்சு விடக்கூடாதுன்னு படிச்சோம்."

ராசா ராயரின் தலைப்பாகையைத் தன் கையால் அவிழ்த்தான். "இந்தப் பிள்ளைகள் எனக்கு வாசித்துக் காட்டும்வரை நீர் இவர்களோடு தரையில் உட்காரும்! ஆவுடை, மோதிரம் உன் விரலிலேயே இருக்கட்டும். இனி பள்ளி நடத்துகிறவன் பள்ளியைச் சோதிக்கக்கூடாது. சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு நீ வந்து சொன்ன பிறகுதான் என் முத்திரை."

வண்டிப் பிள்ளைகளை வீடு வீடாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தழும்புக்காரி மட்டும் மிச்சம். எந்த ஊரம்மா என்று கேட்டால் பாடம் ஒப்பிக்கிறாள். பேர் கேட்டாலும் பாடம்தான். உச்சிவெயிலில் புளியந்தோப்பில் நின்று, வராத வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராயருக்காக அவளை எந்த வாசலிலிருந்து தூக்கினாய் என்று உனக்குத்தானடா தெரியும்! எழுந்திரு. அவள் கையைப் பிடி. கொண்டுபோய் அவள் அம்மாவிடம் விடு.