அறுபத்தைந்தாவது குண்டு

மேற்கே மலை தொடங்கும் இடத்தில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. படிக்க வந்தவர்கள் எல்லோரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

அப்படி மூத்தவர்களில் ஒருவர் பூதலிங்கம். ஐம்பத்துமூன்று வயது. ஊரில் கிரில் கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். மாஸ்டர் அவரை மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்குப் போகிறவர் தன் குண்டைத் தானே செய்துகொள்ள வேண்டும். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்ற வேண்டும். ஆறிய குண்டுகளை டப்பாவில் போட்டு, இரும்புக் கேட்டுக்குப் பெயின்டுக்குப் பதில் அடிக்கிற அதே பவுடரைத் தூவிக் குலுக்க வேண்டும். பிறகு தட்டில் அடுக்கி ஓவனில் வைத்தால் பவுடர் உருகி, குண்டின் மேல் தோல்போலப் பிடித்துக்கொள்ளும். தோல் நன்றாக இருந்தால் ஈயம் துப்பாக்கிக் குழலில் ஒட்டாது. தோல் உரிந்தால் ஒட்டும். ஒட்டிவிட்டால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தோல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்துத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். குண்டு நசுங்கியும் தோல் உரியவில்லை என்றால் அந்தத் தட்டு முழுவதும் தேறிவிட்டது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலையில் மாநிலப் போட்டி. இன்று பிற்பகல் மூன்று மணிக்கே வேன் வந்துவிடும். மாஸ்டர் கொட்டகைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாசலில் சேர்மக்கனி நின்றாள். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். நாளைய அணியில் அவளும் ஒருத்தி.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"காலையில இருந்து இதே கூத்துதான், மாஸ்டர். ஒண்ணு அடிச்சா போதும்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அண்ணாச்சி முறுக்குக்கு மாவு இடிக்கிற மாதிரி இடிக்காங்க."

மாஸ்டர் உள்ளே போனார். பூதலிங்கம் நிமிரவில்லை. பச்சை நிறக் குண்டு ஒன்றைத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்தார். அடித்தார். காசுபோல நசுங்கிய குண்டை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை நகத்தால் சுரண்டினார். தோல் உரியவில்லை. அதைக் காலடியில் இருந்த டப்பாவில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"எத்தனை வார்த்தீங்க, அண்ணாச்சி?"

"நூறு, மாஸ்டர்."

"எத்தனை அடிச்சாச்சு?"

பூதலிங்கம் டப்பாவைப் பார்த்தார். அப்போதுதான் எண்ணினார். "இருபத்தெட்டு."

"உரிஞ்சுதா?"

"ஒண்ணும் உரியலை. எல்லாம் நல்ல குண்டு."

"பின்ன கவலை என்ன? அந்த இருபத்தெட்டையும் பொட்டலம் கட்டி எடுத்துக்கிடுங்க. நல்லதுன்னு தெரிஞ்சது அதுதானே?"

சேர்மக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூதலிங்கம் சிரிக்கவில்லை. அவர் முகம் வேர்த்திருந்தது.

"போன வருசமும் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், மாஸ்டர். ஒண்ணை அடிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நாப்பத்தொண்ணாவது குண்டுல தோல் உரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒண்ணுகூட நான் நினைச்ச இடத்துக்குப் போகலை. ரெண்டு புள்ளியில மூணாம் இடம் போச்சு. இவ அன்னைக்குப் பஸ்ல ஊர் வாரவரைக்கும் என்கிட்ட பேசலை."

"தூங்கிட்டேன் அண்ணாச்சி," என்றாள் சேர்மக்கனி.

"கண்ணைத் தொறந்துகிட்டா?"

அவள் வெளியே பார்த்தாள்.

பூதலிங்கம் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு கேள்வி, மாஸ்டர். அடிச்சுப் பாத்தது நல்லதுன்னு தெரியுது. ஆனா அதைச் சுட முடியாது. சுடப்போறது அடிக்காததை. அடிக்காதது நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?"

மாஸ்டர் தட்டைப் பார்த்தார். எழுபத்திரண்டு குண்டுகள் வரிசையாக நின்றன. போட்டிக்கு அறுபது. குறி பார்க்க ஐந்து. ஆக அறுபத்தைந்து இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. நசுங்கியதை மறுபடி உருக்கலாம்தான். ஆனால் உருக்கி, வார்த்து, பவுடர் பூசி, ஓவனில் சுட்டு எடுக்க ஒரு பகல் வேண்டும். இருக்கிற குண்டுகளைத் தோட்டா உறைகளில் ஏற்றவே இரண்டு மணி நேரம் ஆகும்.

"நல்ல கேள்வி," என்றார் மாஸ்டர். "தள்ளி உக்காருங்க."

அவர் சுத்தியலை எடுத்தார். ஒரு குண்டை வைத்து அடித்தார். எடுத்துப் பூதலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

இன்னொன்றை வைத்தார். அடித்தார். "இது?"

"இதுவும் நல்லாருக்கு, மாஸ்டர்."

மூன்றாவதும் நன்றாக இருந்தது. பூதலிங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒருவேளை எல்லாமே நல்லதுதானோ என்று நினைத்தார். நான்காவதையும் ஆவலோடு வாங்கிப் பார்த்தார். வேலை தெரிந்த கை அடித்ததால் நான்கும் ஒரே அளவில், வட்டமாக நசுங்கியிருந்தன.

ஐந்தாவதை மாஸ்டர் அடித்தபோது சத்தம் வேறு மாதிரி இல்லை. ஆனால் எடுத்துப் பார்த்தால், விளிம்பில் பச்சைத் தோல் பிளந்து நின்றது. நகம் பட்டதும் கடுகளவு சில்லு உதிர்ந்தது. உள்ளே ஈயம் பளிச்சென்று தெரிந்தது.

சேர்மக்கனி உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் பூதலிங்கம். "நான் சொன்னேன்லா? இருக்குன்னு எனக்குத் தெரியும். மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"ஆமா. ஒண்ணு இருந்திருக்கு," என்றார் மாஸ்டர்.

"இன்னும் இருக்குமா?"

"இருக்கலாம்."

"எத்தனை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

பூதலிங்கம் எழுந்தார். கையிலிருந்த குண்டைத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்தார். கைகளைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"நான் வரலை, மாஸ்டர்."

வெளியே காற்றில் தகரக் கூரை ஒருமுறை தட்டிக்கொண்டது.

"வரலைன்னா?" என்றாள் சேர்மக்கனி. "மூணு பேர் இல்லாம அணியே கிடையாது, அண்ணாச்சி. வழியில ஏறுதேன்னு சொன்ன மூணாவது ஆள் ரோட்டுல நின்னுட்டு இருப்பார். அவர்கிட்ட என்ன சொல்ல? நாங்க ரெண்டு பேரும் கடலை தின்னுட்டு வேடிக்கை பாத்துட்டு வரவா?"

"போன தடவை என்னால தோத்தீங்க. இந்தத் தடவையும் என்னால தோக்க வேண்டாம்."

"போகாமலே தோத்தா அது யாரால?"

"கனி," என்றார் மாஸ்டர். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. கடையில் சாமான் கேட்கிறவர் குரலில், "சரி, அண்ணாச்சி. உங்க விருப்பம்," என்றார். "போகலைன்னு ஆயிட்டா இந்தக் குண்டுக்கு வேலை இல்லை. உங்க கேள்விக்காவது பதில் பாத்துருவோம். எத்தனை நல்லது, எத்தனை கெட்டதுன்னு சாயங்காலத்துக்குள்ள சரியாத் தெரிஞ்சுரும்."

உரிந்த குண்டைத் தள்ளிவிட்டு அடுத்ததை வைத்தார். அடித்தார்.

"நல்லது," என்றார். இந்தமுறை பூதலிங்கத்திடம் கொடுக்கவில்லை. டப்பாவில் போட்டார்.

பூதலிங்கத்தின் கண் தட்டுக்குப் போனது. அறுபத்தாறு. எண்ண வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கண் தானே எண்ணியது.

மாஸ்டர் இன்னொன்றை எடுத்தார். தண்டவாளத் துண்டின் மேல் அது நிற்காமல் ஒருமுறை உருண்டது. பிடித்து நிறுத்தினார். அடித்தார்.

"இதுவும் நல்லது."

அறுபத்தைந்து.

நசுங்கிய குண்டு டப்பாவில் விழுந்தது. இனி ஒன்று நசுங்கினாலும் போட்டி இல்லை. எட்டு வருடம் முன்னால், நாற்பத்தைந்து வயதில், இந்த வயதில் உமக்கு என்னத்துக்கு ஓய் இதெல்லாம் என்று பட்டறையில் எல்லோரும் சிரிக்க, முதல்முறை இந்தக் களத்துக்கு வந்தவர் அவர். அன்று கை நடுங்கியது. நேற்று ஈயத்தை ஊற்றும்போது நடுங்கவில்லை. நூறு குண்டு ஊற்றியும் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. அது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

மாஸ்டர் தட்டிலிருந்து அடுத்ததை எடுத்து வைத்தார்.

"மாஸ்டர், போதும்."

"சந்தேகம் தீந்துட்டா?"

"இல்லை."

"தீராம எப்படிப் போதும்?"

மாஸ்டர் சுத்தியலை ஓங்கினார். அவர் விளையாடுகிற ஆள் இல்லை என்பது பூதலிங்கத்துக்குத் தெரியும். எட்டு வருடத்தில் ஒரு தடவையும் பாதி ஓங்கி நிறுத்திய கை இல்லை அது.

சுத்தியல் இறங்கியது.

சேர்மக்கனி "ஐயோ அண்ணாச்சி!" என்று கத்தினாள்.

பூதலிங்கத்தின் உள்ளங்கை குண்டின் மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சுத்தியல் அவருடைய விரல்முட்டிக்கு மேலே, ஒரு குண்டு உயரத்தில் நின்றிருந்தது. மாஸ்டரின் மணிக்கட்டு நரம்பு புடைத்துத் துடித்தது. அவர் நெற்றியிலும் இப்போது வேர்வை.



"கையை எடுங்க," என்றார் மாஸ்டர்.

"மாட்டேன்."

"உள்ள இருக்கது நல்ல குண்டா?"

"தெரியாது, மாஸ்டர்."

"தெரியாமலா கையை வச்சீங்க?"

பூதலிங்கத்தின் கை அப்படியே இருந்தது. கீழே இருந்த குண்டு கைச்சூட்டில், வெயிலில் கிடந்த கல்போல லேசாகச் சூடாக இருந்தது.

மாஸ்டர் சுத்தியலைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்.

"நாளைக்கு முதல்ல அதைச் சுடுங்க," என்றார்.