புனுகன் கழுவாத படகு

மழை ஓயாத ஒரு காட்டில், ஆற்றைக் கடக்க ஒரே ஒரு படகுதான் இருந்தது, குழந்தைகளே. அதை ஓட்டியவன் கரியன் என்னும் கரடி. படகைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலை புனுகன் என்னும் புனுகுப்பூனைக்கு.

மேல் பலகைகளைத் துடைப்பது எளிது. அவற்றுக்குக் கீழே இருந்த அடிப்பள்ளம்தான் கடினம். கசியும் நீரும் சேறும் அழுகிய இலையும் அங்கேதான் தேங்கும். பலகைகளைத் தூக்கி, உள்ளே தவழ்ந்து போய், பூஞ்சணத்தைச் சுரண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். கரியனின் பருத்த உடம்பு அதற்குள் நுழையாது.

புனுகனுக்கோ அழுக்கு என்றாலே குமட்டும். ஒருநாள் உள்ளே குனிந்தான். கருப்புப் பூஞ்சணம் கம்பளம்போல் படர்ந்திருந்தது. சுரண்டிப் பார்க்க விரலை வைத்தான். நகம் பலகைக்குள் சதக்கென்று இறங்கியது, கனிந்த வாழைப்பழத்தில் இறங்குவது போல.

"சீச்சீ!" என்று கையை உதறினான். பலகைகளை மூடினான். தன் உடம்பில் ஊறும் புனுகை எடுத்து அவற்றின்மேல் பூசினான். நாற்றம் அமுங்கிப் போயிற்று.

"அடிப்பள்ளம் கழுவியாயிற்றா, தம்பி?" என்று கேட்டான் கரியன்.

"மோந்துதான் பாருங்களேன், அண்ணா!"

கரியன் மோந்தான். "அடடா, பூஞ்சோலை போலல்லவா மணக்கிறது!"

அன்றுமுதல் புனுகனுக்கு அதுவே வழக்கமாயிற்று. வீட்டில் மனைவி தாழையிடம், "நான் கழுவிய படகில் முகம் பார்க்கலாம், தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வான். அவளும் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கரை உடைந்து காடு மூழ்கத் தொடங்கியது. எதிர்க்கரைக் குன்றை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மான்களும் முயல்களும் குட்டிகளோடு படகில் ஏறின. தாழையும் ஏறினாள்.

கரையில் நின்ற புனுகன் ஓடிவந்து படகின் விளிம்பைப் பற்றினான். "தாழை, இறங்கு! நாம் அடுத்த நடையில் போகலாம்."

"ஏன்?"

"சும்மாதான். இறங்கேன்!"

"நீங்கள் பார்த்துப் பார்த்துக் கழுவிய படகு. இதில் எனக்கு என்ன பயம்?" என்று சிரித்தாள் தாழை.

கரியன் துடுப்போடு திரும்பினான். "என்ன புனுகா, படகில் ஏதாவது பழுதா?"

எல்லாக் கண்களும் புனுகனைப் பார்த்தன. உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் பொய்யும் சந்திக்கு வந்துவிடும். அவன் படகிலிருந்து கையை எடுத்துக் கரைக்கே பின்வாங்கினான்.

"ஒன்றுமில்லை, அண்ணா. பார்த்துப் போங்கள்."

நடு ஆற்றில், மிதந்து வந்த மரம் ஒன்று படகை இடித்தது. நல்ல பலகையாக இருந்தால் தாங்கியிருக்கும். இது பொலபொலவென்று உதிர்ந்தது. அடியிலிருந்து கருப்பு நீர் பீறிட்டது. அலறல் கேட்டது. பிறகு வெள்ளத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

புனுகன் கத்திக்கொண்டே கரையோரம் ஓடினான். வெகுதூரம் தள்ளி, கரியன் மட்டும் தள்ளாடிக் கரையேறினான்.

"அண்ணா, தாழை எங்கே?"

கரியன் தலை குனிந்தான். "'என் முதுகைப் பிடித்துக்கொள், நீந்திவிடலாம்' என்று கூப்பிட்டேன், தம்பி. அவள் வரவில்லை. 'இந்தப் படகு மூழ்காது' என்று முயல்குட்டிகளை அணைத்துக்கொண்டு தைரியம் சொன்னபடியே இருந்தாள்."

நீதி: செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லும் பொய், நம்மை முழுதாக நம்புகிறவரையே முதலில் பலிகொள்ளும்.